மாணவனுக்கு வழிகாட்டத் தகுந்தவர் யார்?

பண்டைக் குருகுலங்களில், கல்வி நிறைவெய்திய நாளில் ஆசான் மாணவனை அருகழைத்துச் சில அறிவுரைகளைக் கூறி வீட்டுக்கு அனுப்புவது வழக்கம். தைத்திரீய உபநிஷதத்தின் சீக்ஷாவல்லியில் பதினோராம் அனுவாகமாக அந்த அறிவுரை இன்றளவும் ஓதப்படுகிறது. உண்மை பேசுதல், அறவழி நடத்தல், கற்றலைக் கைவிடாமை, தாய் தந்தை ஆசான் விருந்தினர் ஆகியோரைத் தெய்வமாகப் போற்றுதல் என்னும் கருத்துகள் அதில் உள்ளதைப் பலரும் அறிவர்.

அதே அனுவாகத்தில் அதிகம் கவனிக்கப்படாத இரண்டு செய்திகளும் இருக்கின்றன. தம்மிடம் காணப்படும் நல்லொழுக்கங்களை மட்டுமே மாணவன் பின்பற்ற வேண்டும், ஏனையவற்றைப் பின்பற்ற வேண்டியதில்லை என்று ஆசானே கூறுகிறார். தம்மிடமும் குறை இருக்கக்கூடும் என்பதை மாணவன் முன்னிலையில் ஒப்புக்கொள்ளும் பணிவு இது. இது முதற்செய்தி.

பிற்கால வாழ்வில் எது செய்யத்தக்கது என்ற ஐயம் எழுந்தால் யாரைப் பார்த்து நடக்க வேண்டும் என்பது இரண்டாவது. எல்லாக் கேள்விகளுக்கும் விடையெழுதி அனுப்ப எந்த ஆசானாலும் இயலாது. ஆகவே, விடை காண உதவக்கூடிய மனிதரின் இலக்கணத்தை அவர் சொல்லி அனுப்புகிறார். அத்தகையவர் எதையும் சீர்தூக்கிப் பார்க்கும் ஆற்றல் உடையவர், நற்செயலில் தம்மை ஈடுபடுத்திக்கொண்டவர், பிறருடைய தூண்டுதலுக்காக இயங்காதவர், அறத்தையே விரும்புபவர். இவற்றோடு இன்னொரு தகுதியையும் உபநிஷதம் சேர்க்கிறது. அவர் 'அலூக்ஷர்' ஆக இருக்க வேண்டும்.

'ரூக்ஷம்' என்றால் வறட்சி, கரடுமுரடு, கடுமை. அந்த வறட்சி இல்லாதவர் அலூக்ஷர். ஸ்ரீ சங்கரர் தமது பாஷ்யத்தில் இச்சொல்லுக்குக் கொடிய மனம் இல்லாதவர் என்று பொருள் காண்கிறார். வடமொழியில் 'ஸ்நேகம்' என்ற ஒரே சொல் எண்ணெயையும் குறிக்கும், அன்பையும் குறிக்கும். எண்ணெய்ப் பசையற்ற விளக்கு ஒளி தருவதில்லை. அதுபோல அன்பின் பசை அற்ற அறிவுரை, எத்துணை உயர்ந்ததாயினும், மாணவன் உள்ளத்தில் ஒளி ஏற்றுவதில்லை. அறிவு, ஈடுபாடு, சுதந்திரம், அறநாட்டம் ஆகிய நான்கும் நிரம்பிய ஒருவர் கடுமையானவராக இருந்துவிட்டால், ஐயமுற்ற மாணவன் அவரை அணுகவே அஞ்சுவான். அணுக முடியாத இடத்தில் உள்ள அறிவால் அவனுக்கு என்ன பயன்?

இன்றைய பள்ளிகளில் மாணவர் ஆலோசனை, நற்பண்புக் கல்வி என்று பேசப்படுபவற்றுக்கெல்லாம் இந்த இலக்கணமே உரைகல் எனலாம்.

அடுத்தடுத்த இரண்டு அத்தியாயங்கள்

சுதந்திர இந்தியாவில் உயர்நிலைக் கல்வியை ஆராய 1952-ல் ஒரு கல்விக்குழு அமைக்கப்பட்டது. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக விளங்கிய டாக்டர் ஏ. லட்சுமணசுவாமி முதலியார் அதன் தலைவர். 1953-ல் வெளிவந்த அக்குழுவின் அறிக்கையில் நற்பண்புக் கல்விக்கு ஓர் அத்தியாயமும், மாணவருக்கு வழிகாட்டுதல், ஆலோசனை ஆகியவற்றுக்கு அதையடுத்து ஓர் அத்தியாயமும் ஒதுக்கப்பட்டன. ஒழுக்கத்தை உருவாக்குவது ஒரு தனிப் பாடவேளையின் பொறுப்பாக இருக்க முடியாது, பள்ளி வாழ்வு முழுவதும் அதில் பங்கேற்க வேண்டும் என்பது அக்குழுவின் நோக்கு. 

நடைமுறையில் இவ்விரண்டும் பிரிந்துபோயின. நற்பண்பு என்பது வாரம் ஒரு பாடவேளையாகவும், காலை வழிபாட்டுக் கூட்டத்தில் வாசிக்கப்படும் ஒரு நல்வாக்காகவும் சுருங்கியது. ஆலோசனை என்பது ஏதேனும் தவறு நிகழ்ந்த பிறகு மாணவனை அனுப்பிவைக்கும் ஓர் அறையாகச் சுருங்கியது. முன்னதில் மாணவனின் சொந்தச் சிக்கலுக்கு இடமில்லை. பின்னதில் அவன் அடைய வேண்டிய உயர்வு பற்றிய பேச்சுக்கு இடமில்லை. ஒன்று அவனை அறியாமலே அவனுக்குப் போதிக்கிறது. மற்றொன்று அவனைப் பழுதுபார்க்கப் பார்க்கிறது.

பிரிந்த இவை மீண்டும் இணைய வேண்டுமானால் என்ன செய்ய வேண்டும் என்பதைக் கேரளத்தின் தமிழ் எல்லைப்புறம் தெளிவாகக் காட்டுகிறது. வழிகாட்டுதலின் தேவையும் அருமையும் ஒருங்கே புலப்படும் நிலம் அது.

இரு மொழிகளுக்கிடையே ஒரு குழந்தை

பாலக்காடு, இடுக்கி ஆகிய இரு மாவட்டங்களும் ஒன்றையொன்று தொடுவதில்லை. ஆனைமலைத் தொடரும், அதன் இரு பக்கங்களிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களும் அவற்றை இணைக்கின்றன. 1956 நவம்பர் 1-ஆம் நாள் கேரள மாநிலம் உருவாகும் வரை பாலக்காடு சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. தேவிகுளமும் பீருமேடும் திருவிதாங்கூரில் இருந்தன. இடுக்கி தனி மாவட்டமானது 1972-ல். எல்லைக்கோடுகள் பலமுறை மாறின. வீட்டில் பேசும் மொழி மாறவில்லை. சித்தூர் வட்டத்தின் கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதிப் பகுதிகளிலும், மூணாறு, மறையூர், வட்டவடை, வண்டிப்பெரியாறு பகுதிகளிலும் தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட குழந்தைகள் இன்றும் பெருமளவில் பயில்கின்றனர். அவர்களுக்காகத் தமிழ்வழிப் பள்ளிகளும் உள்ளன. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்க வசதி செய்ய வேண்டும் என்று அரசமைப்பின் 350-ஏ பிரிவு கூறுகிறது.

பாடத்தைத் தாய்மொழியில் படிப்பது ஒன்று. துயரத்தைத் தாய்மொழியில் சொல்வது மற்றொன்று. கடைவீதியில் மலையாளம் சரளமாகப் பேசும் சிறுவனும், வீட்டில் நடந்த சண்டையைச் சொல்ல வரும்போது தமிழுக்கே திரும்புகிறான். அச்சமும் வெட்கமும் தாய்மொழியிலேயே பேசுகின்றன. ஆகவே எல்லைப்புறப் பள்ளியில் வழிகாட்டுபவருக்கு அவனது மொழி தெரிந்திருப்பது முதல் தகுதி. மொழி தெரியாவிட்டால், பொறுமையோடு காத்திருந்து கேட்கும் மனமேனும் வேண்டும்.

மொழியோடு வாழ்க்கைச் சூழலும் சேர்ந்துகொள்கிறது. தேயிலைத் தோட்டத்து லயத்தில் பெற்றோர் காலையிலேயே கொழுந்து பறிக்கச் சென்றுவிடுகின்றனர். பள்ளிக்குப் புறப்படும் குழந்தையை வாசலில் நின்று வழியனுப்ப ஆளிருப்பதில்லை. சமவெளியில் பல குடும்பங்களின் வருவாய் பொள்ளாச்சியையும் கோவையையும் திருப்பூரையும் நம்பியிருக்கிறது. வாளையாறு, கோவிந்தாபுரம், குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு என வரிசையாக அமைந்த சோதனைச்சாவடிகள், போதைப் பொருள் கடத்தலைத் தடுக்க அரசுகள் ஓயாது போராடும் இடங்கள். பதினான்கு வயதுச் சிறுவனுக்கு அந்த ஆபத்து செய்தித்தாளில் மட்டும் இருப்பதன்று. பேருந்து நிறுத்தத்தில் நட்பாகப் பேசும் அண்ணன் ஒருவரின் வடிவிலும் அது வரலாம். அந்த அண்ணன் அவனுடைய மொழியில் பேசுகிறார், அவனைத் திட்டுவதில்லை, அவன் சொல்வதைக் கேட்கிறார். பள்ளியில் அவன் பெறாத மூன்றும் அங்கே கிடைத்துவிட்டால், காலைக் கூட்டத்து நல்வாக்கு அவனைக் காக்குமா?

ஒரு குழந்தையின் வாழ்வே பணயமாக இருக்கும் இந்நிலையில், வழிகாட்டத் தகுந்தவர் எப்படி இருப்பார் என்பதற்கு இம்மண்ணிலேயே சான்றுகள் உள்ளன.

ஒரே பந்தியில் பிறந்த பாடம்

1892-ஆம் ஆண்டு சுவாமி விவேகானந்தர் பெங்களூரிலிருந்து இரயிலில் ஷோரனூர் வந்து, அங்கிருந்து திருச்சூர் சென்றார். அப்பயணத்தில் மலையாள நாட்டில் கண்ட சாதிக் கொடுமையைப் பற்றி 1897-ல் சென்னைச் சொற்பொழிவில் மனம் வெதும்பிப் பேசினார். அவர் சென்ற அதே பாலக்காட்டுப் பாதையில், கால் நூற்றாண்டுக்குப் பிறகும் நிலைமை பெரிதும் மாறவில்லை. கல்பாத்தி அக்ரகாரத் தெருக்களில் ஈழவர் நடப்பதற்கே 1924-ல் கடும் எதிர்ப்பு எழுந்தது.

அச்சூழலில் வாழ்ந்தவர் டி. ஆர். கிருஷ்ணசாமி ஐயர். பாலக்காட்டுத் தமிழ் அந்தணர் மரபினர். சுதந்திரப் போராட்ட வீரர். 1923-ல் பாலக்காட்டில் சரோஜினி நாயுடு தலைமையில் நடைபெற்ற அரசியல் மாநாட்டையொட்டிச் சமபந்தி உணவு நடந்தது. அதில் கலந்துகொண்டமைக்காகத் தம் சமூகத்தாரின் விலக்கத்துக்கு அவர் ஆளானார். அதே ஆண்டில் அகத்தேத்தறையில் சபரி ஆசிரமத்தை நிறுவினார். எல்லாச் சாதிக் குழந்தைகளும் ஒரே கூரையின்கீழ்த் தங்கி, ஒரே பந்தியில் உண்டு, ஒன்றாகப் படிக்கும் இடமாக அது அமைந்தது. அவரும் அவருடைய துணைவியார் ஈசுவரி அம்மாளும் அக்குழந்தைகளோடு வாழ்ந்தனர். காந்தியடிகள் மூன்று முறை அங்கு வந்து தங்கிச் சென்றார்.

சமத்துவம் என்ற பாடத்தைக் கிருஷ்ணசாமி ஐயர் பலகையில் எழுதிக் கற்பித்திருக்கலாம். அதற்கு எந்த எதிர்ப்பும் வந்திராது. அவரோ குழந்தைகளோடு உட்கார்ந்து உண்டார். ஒரு குழந்தை தன் பக்கத்தில் அமர்ந்து உண்ணும் மற்றொரு குழந்தையிடம் கற்கும் சமத்துவம் ஆயுள் முழுவதும் மறப்பதில்லை. பிறர் தூண்டுதலுக்கு இயங்காதவர், அறத்தையே விரும்புபவர் என்று உபநிஷதம் கூறும் இரு தகுதிகளும் இங்கே உடலெடுத்து நின்றதைக் காணலாம். ஊர் அவரை ஒரு பக்கம் தள்ளியது. அறம் மறுபக்கம் அழைத்தது. எந்தப் பக்கம் சென்றார் என்பதைக் குழந்தைகள் தம் கண்ணால் பார்த்தனர். அதைக் காட்டிலும் சிறந்த நற்பண்புப் பாடம் வேறில்லை.

தங்கியிருத்தல் என்னும் தவம்

சபரி ஆசிரமம் ஊரை ஒட்டிய இடம். நகரமோ சாலையோ எளிதில் எட்டாத மலைக்காட்டில் வழிகாட்டுபவரின் ஈடுபாடு இன்னும் கடினமான சோதனைக்கு உள்ளாகிறது. அதற்கு இடுக்கி மாவட்டத்து இடமலக்குடி சான்று.

மூணாற்றுக்கு அப்பால், அடர்ந்த காட்டுக்குள் முதுவான் மக்கள் வாழும் குடிகளின் தொகுப்பு இடமலக்குடி. 2010-ல் கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சியாக அது அமைக்கப்பட்டது. நெடுங்காலம் பெட்டிமுடியிலிருந்து காட்டுவழியே பல மணி நேரம் நடந்துதான் அங்குச் செல்ல வேண்டியிருந்தது. முதுவான் மொழி தமிழுக்கு நெருக்கமானது. தனி எழுத்து இல்லாதது. பள்ளிப் பாடநூலோ மலையாளத்தில். முதல் நாள் வகுப்பில் அமரும் குழந்தைக்கு ஆசிரியரின் ஒவ்வொரு சொல்லும் அன்னியமாக ஒலித்தால், அது மௌனமாகிவிடும்; சில நாட்களில் வராமலும் போய்விடும். அதை மந்தம் என்று கருதுவது, மொழியின் குறையைக் குழந்தையின் குறையாக எண்ணும் பிழை.

'முரளி மாஷ்' என்று அறியப்படும் பி. கே. முரளீதரன் என்னும் ஆசிரியர் இக்குடியில் பல ஆண்டுகள் தங்கிக் கற்பித்தார். அம்மக்களின் மொழியையும் வாழ்வையும் பழகினார். இடமலக்குடியைப் பற்றி மலையாளத்தில் நூலும் எழுதினார். அதே காட்டின் இருப்புக்கல்லுக்குடியில் பி. வி. சின்னத்தம்பி என்ற முதியவர் சிறு தேநீர்க் கடை ஒன்றை நடத்திவந்தார். கடையின் ஒரு பகுதியில் சாக்கு மூட்டைகளில் புத்தகங்கள் இருந்தன. அதுவே அவ்வூர் நூலகம். 2014-ல் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியதால் நாடறிந்த அந்நூலகத்தில் அப்போது 160 புத்தகங்கள் இருந்தன. மலையாளத்தில் பெயர்க்கப்பட்ட சிலப்பதிகாரமும் அவற்றுள் ஒன்று. முந்தைய ஆண்டில் 37 முறை புத்தகங்கள் இரவல் பெறப்பட்டதை அவரது பதிவேடு காட்டியது.

நகரத்து நூலகத்துக்கு 37 என்பது ஒரு நாள் கணக்கு. காட்டுக்குள் அது ஓராண்டுத் தவத்தின் கணக்கு. வாசகன் வருவானா என்று நாள்தோறும் கடையைத் திறந்து காத்திருந்த அம்முதியவர் யாருக்கும் அறிவுரை சொல்லவில்லை. ஆனால் புத்தகம் மதிக்கத்தக்கது, நேர்மையாகத் திருப்பித் தரத்தக்கது என்ற பாடம், வரவு பற்று எழுதும் அவரது பதிவேட்டிலேயே இருந்தது.

2022-ல் இடமலக்குடிப் பள்ளியில் 'படிப்புறுசி' என்னும் திட்டம் தொடங்கப்பட்டது. முதுவான் மொழியிலிருந்து குழந்தைகளைப் படிப்படியாக மலையாளத்துக்கு அழைத்துச் செல்வது அதன் நோக்கம். குழந்தை இருக்கும் இடத்துக்கு ஆசிரியர் இறங்கி வர வேண்டும், மாணவனின் கண்வழியே பார்க்க வேண்டும் என்று சுவாமி விவேகானந்தர் வலியுறுத்தியதன் நடைமுறை உருவம் இதுதான்.

இடமலக்குடிக்குச் செல்லும் வழியில் உள்ள பெட்டிமுடியில் 2020 ஆகஸ்ட் 6-ஆம் நாள் இரவு நிகழ்ந்த நிலச்சரிவில் தோட்டத் தொழிலாளர் லயங்கள் புதைந்து 70 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் பள்ளிக் குழந்தைகளும் இருந்தனர். தோழனை இழந்து வகுப்புக்குத் திரும்பும் குழந்தைக்கு எந்த நீதிக்கதையைச் சொல்வது? அங்கே சொல்லுக்கு இடமே இல்லை. அருகே அமர்ந்திருக்கும் ஒருவரின் மௌனமே அங்கு வழிகாட்டுதல். அந்த மௌனத்தைக் குழந்தை ஏற்க வேண்டுமானால், அவர் துயரத்துக்கு முன்பே அதற்கு அறிமுகமானவராக இருந்திருக்க வேண்டும்.

திட்டங்கள் செய்வனவும் மனிதர் செய்வனவும்

தனிமனிதரின் தியாகத்தை மட்டும் நம்பி ஒரு மாநிலத்தின் கல்வி நடக்க இயலாது. ஆகவே அரசின் திட்டங்கள் தேவைப்படுகின்றன. கேரளம் இதில் சில முன்முயற்சிகளைச் செய்துள்ளது. காவல்துறை அதிகாரி பி. விஜயன் உருவாக்கிய மாணவர் காவல் படைத் திட்டம் 2010 ஆகஸ்ட் 2-ஆம் நாள் 127 பள்ளிகளில் தொடங்கப்பட்டது. பள்ளிக்கு 22 மாணவர், 22 மாணவியர் என 44 பேர் ஆண்டுதோறும் சேர்க்கப்பட்டு இரண்டாண்டுப் பயிற்சி பெறுகின்றனர். உடற்பயிற்சி, அணிவகுப்பு, சட்ட அறிவு, சாலைப் பாதுகாப்பு, போதை ஒழிப்பு, சமூகத் தொண்டு ஆகியவை அதில் அடங்கும். 2018 ஜூலையில் இத்திட்டம் தேசிய அளவிலும் தொடங்கப்பட்டது. மேல்நிலைப் பள்ளிகளில் வளரிளம் பருவத்தினருக்காக 'சௌஹ்ருத' மன்றங்கள் இயங்குகின்றன. பல அரசுப் பள்ளிகளில் உளவியல் ஆலோசகர்களும் பணியாற்றுகின்றனர்.

தோட்டத் தொழிலாளியின் மகள் சீருடை அணிந்து அணியின் முன்னே நடக்கும்போது அவளது முதுகு நிமிர்கிறது. தன்னம்பிக்கைக்கு உடலும் ஒரு வாயில் என்பதை இத்திட்டம் உணர்ந்திருக்கிறது. அதை மதிக்கும்போதே ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். அணியில் 44 இடங்கள் மட்டுமே உள்ளன. ஓட்டத்தில் பின்தங்குபவன், கூச்சத்தால் பெயர் கொடுக்காதவன், கடைசி வரிசையில் சுவரோடு சாய்ந்திருப்பவன் ஆகியோர் அணிக்கு வெளியே நிற்கின்றனர். வழிகாட்டுதல் மிகுதியாகத் தேவைப்படுபவன் அவர்களுள் ஒருவனாக இருக்கலாம். திட்டம் அவனை எட்டாத இடத்தில் ஆசிரியர் எட்ட வேண்டும்.

சிரவணம் யாருக்கு?

வேதாந்தத்தில் சிரவணம், மனனம், நிதித்யாசனம் என்று மூன்று படிகள் கூறப்படுகின்றன. கேட்டல், சிந்தித்தல், அதிலேயே தோய்தல். இவை மாணவனுக்கு உரியவை. ஆனால் வழிகாட்டுதலில் சிரவணம் முதலில் ஆசிரியருக்கு உரியது.

கீதையின் அமைப்பே இதைக் காட்டுகிறது. முதல் அத்தியாயத்தில் அர்ஜுனன் தன் கலக்கத்தைக் கொட்டித் தீர்க்கிறான். அவ்வத்தியாயம் முழுவதிலும் பகவான் கூறுவது, எதிரே நிற்கும் கௌரவரைப் பார் என்னும் பொருள்பட ஒரே ஒரு வாக்கியம். பின்னர் அர்ஜுனன் தானே உபதேசம் வேண்டிய பிறகுதான் உபதேசம் விரிகிறது. பதினெட்டாம் அத்தியாயத்தின் இறுதியிலும் பகவான் கட்டளையிடுவதில்லை. சொன்னவற்றை நன்கு ஆராய்ந்து விரும்பியபடி செய் என்று முடிவை அவனிடமே விடுகிறார். முதலில் முழுமையாகக் கேட்டல். இறுதியில் முழுமையாக விடுதல். இவ்விரண்டுக்கும் நடுவில்தான் உபதேசத்துக்கு இடம்.

ஓர் எடுத்துக்காட்டை எண்ணிப் பார்க்கலாம். எல்லைப்புறப் பள்ளி ஒன்றில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் திங்கட்கிழமைதோறும் வருவதில்லை. அவனை எல்லார் முன்னும் நிறுத்திச் சோம்பேறி என்று ஓர் ஆசிரியர் கடிந்துகொண்டால், அவன் தலைகுனிவான். அடுத்த வாரம் செவ்வாயன்றும் வரமாட்டான். மற்றோர் ஆசிரியர் மாலையில் மைதானத்தின் ஓரமாக அவனோடு நடந்து, திங்கட்கிழமை என்ன வேலை என்று மட்டும் கேட்கிறார். அவன் முதலில் விடை கூறுவதில்லை. மூன்றாம் முறை கேட்கும்போது சொல்கிறான். தாய் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறார். ஞாயிறு ஒருநாள் மட்டுமே அவருக்கு விடுமுறை. தாயோடு இரவுச் சோறு உண்டுவிட்டு மறுநாள் பேருந்தில் திரும்புகிறான்.

காரணத்தை அறிந்தவுடன் ஆசிரியரின் கோபம் இருந்த இடத்தில் வேறொன்று வருகிறது. ஆயினும் பணி முடியவில்லை. பரிவு மட்டும் காட்டி அவனை அப்படியே விட்டுவிட்டால் கணிதமும் அறிவியலும் அவன் கைவிட்டுப் போய்விடும். என்ன செய்யலாம் என்று அவனையே கேட்கிறார். ஒரு வாரம் யோசித்துவிட்டு அவன் வருகிறான்: மாதம் இருமுறை சனிக்கிழமை மாலையே புறப்படுவது, ஞாயிறு மாலைப் பேருந்தில் திரும்பிவிடுவது, விடுபட்ட பாடங்களை நண்பனின் குறிப்பேட்டிலிருந்து எழுதுவது. ஆசிரியரே இதைச் சொல்லியிருந்தால் அது கட்டளையாகியிருக்கும். அவனே கண்டதால் அது அவனுடைய சங்கற்பம் ஆயிற்று. ஆலோசனை நற்பண்பாக மாறும் கணம் அதுவே. முதலியார் குழுவின் அறிக்கையில் அடுத்தடுத்து நின்ற இரு அத்தியாயங்களும் அந்தச் சிறுவனிடத்தில் ஒன்றாகிவிட்டன.

அன்பின் எல்லையும் உண்மையின் கடமையும்

கடுமையற்றவராக இருப்பது தளர்வாக இருப்பதன்று. கல்வி உரிமைச் சட்டம் 2009-ன் 17-ஆம் பிரிவு, குழந்தைக்கு உடல் தண்டனையும் மனத் துன்புறுத்தலும் கூடாது என்று தடுக்கிறது. பிரம்பைக் கீழே வைத்த கை, ஒழுங்கையும் கைவிட வேண்டியதில்லை. தவறைத் தவறு என்றே கூற வேண்டும். தவறு செய்தவனை இழிந்தவன் என்று கூறலாகாது. செயலுக்கும் செய்தவனுக்கும் உள்ள இந்த வேறுபாட்டை, ஆன்மா இயல்பிலேயே தூயது என்று கற்பிக்கும் மரபினர் மறக்கலாமா?

இன்னோர் எச்சரிக்கையும் தேவை. குழந்தை ஒன்றைச் சொல்லத் தொடங்கும்போது, யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்களிப்பது பலருக்கு இயல்பு. அது காப்பாற்ற இயலாத வாக்காகலாம். குழந்தை பாலியல் கொடுமைக்கு ஆளானதை அறிந்தவர் அதைத் தெரிவிக்க வேண்டும் என்பது 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் விதிக்கும் கடமை. ஆகவே, உன் பாதுகாப்புக்குத் தேவையானவர்களிடம் மட்டும் சொல்வேன் என்று தொடக்கத்திலேயே கூறுவதுதான் சத்தியம். குழந்தையிடம் பேசும் முதல் சொல்லிலேயே பொய் கலந்துவிட்டால், பிறகு வாய்மையைப் பற்றி அதற்கு என்ன போதிக்க முடியும்?

தன் ஆற்றலின் எல்லையை அறிவதும் சீர்தூக்கிப் பார்ப்பவரின் இலக்கணம். ஆழ்ந்த மனச்சோர்வு, தன்னைத் துன்புறுத்திக்கொள்ளும் எண்ணம், போதைப் பழக்கம் ஆகியவை நல்லுரையால் மட்டும் தீர்வன அல்ல. அத்தகைய மாணவனை மருத்துவரிடமோ பயிற்சி பெற்ற ஆலோசகரிடமோ சேர்ப்பித்து, பின்னரும் அவனோடு தொடர்பை விடாமல் இருப்பதே உண்மையான துணை. குழந்தைகளுக்கான 1098 உதவி எண்ணும், 2022-ல் தொடங்கப்பட்ட மனநல உதவி எண்ணான 14416-ம் ஒவ்வொரு பள்ளிச் சுவரிலும், மாணவர் தாய்மொழியில், அவர்கள் கண்மட்டத்தில் எழுதப்பட வேண்டும்.

சிந்தனைக்கும் செயலுக்கும்

பள்ளியிலும் வீட்டிலும் மாணவருக்கு வழிகாட்ட விரும்புவோர் கீழ்க்கண்டவற்றைச் சாதனையாக மேற்கொள்ளலாம்:

1. நாள்தோறும் ஒரு குழந்தையிடமேனும், மதிப்பெண்ணைப் பற்றிய பேச்சே இல்லாமல், ஐந்து நிமிடம் உரையாடுதல். கடைசி வரிசையிலிருந்து தொடங்குவது நலம்.

2. குழந்தை எந்த மொழியில் அழுகிறதோ அந்த மொழியில் அதைக் கேட்டல். அம்மொழி தெரியாவிடில் தெரிந்த ஒருவரைத் துணைக்கொள்ளல்.

3. கண்டிக்க வேண்டியதைத் தனியிடத்திலும், பாராட்ட வேண்டியதைப் பலர் முன்னிலையிலும் கூறுதல்.

4. வாரம் ஒருமுறை, தாம் போதித்தவற்றுள் தம்மிடமே இல்லாதது எது என்று ஆராய்தல். தவறு செய்தால் அதை மாணவர் முன் ஒப்புக்கொள்ளுதல்.

5. முடிவை மாணவனே காணும்படி விடுதல். அவன் தவறினால் மீண்டும் முதலிலிருந்து கேட்டல்.

குருகுலத்து ஆசான் விடைகொடுத்து அனுப்பிய மாணவன், தனக்கு ஐயம் வரும்போது யாரிடம் செல்வது என்பதை அறிந்தே சென்றான். கொழிஞ்சாம்பாறையிலும் மூணாற்றிலும் மாலை மணி அடித்ததும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியேறும் பிள்ளைகளுக்கும் அந்த நிச்சயம் வேண்டும். பேருந்து நிறுத்தத்தில் காத்திருக்கும் குரல் பேசத் தொடங்குமுன், அவர்கள் மனத்தில் ஒரு முகம் எழ வேண்டும். 'நாளை இவரிடம் கேட்டுக்கொள்ளலாம்' என்ற எண்ணம் பிறக்க வேண்டும். ஒவ்வொரு பள்ளியிலும் அத்தகைய முகம் ஒன்றேனும் இருக்குமானால், அங்கே நற்பண்புக் கல்வி தொடங்கிவிட்டது எனலாம்.